ஹிந்தோளத்தில் ஒரு மலைக் காவல்காரி: ஆர்க்கெஸ்ட்ரா தீம் ஏன் குழம்புகிறது?

அடிவாரம்:

வணக்கம்ங்க. சேலத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்யும் ஒரு சின்ன கேமுக்கு இசை போடுகிறேன். ஆடுபவர் அடிவாரத்தில் தொடங்கி, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சேர்வராயன் உச்சியைத் தொட வேண்டும். மூடுபனி உருவில் ஒரு காவல்காரி வழியெல்லாம் கூடவே வருகிறாள். நல்லவளா கெட்டவளா என்பது கடைசி வளைவு வரை தெரியக் கூடாது. சாமி இல்லை, முழுக்கக் கற்பனைப் பாத்திரம்.

கையில் இருப்பது: ஹிந்தோளம், ச = சி (மேற்கத்திய C), 72 பிபிஎம் (நிமிடத்துக்கு 72 பீட்), 4/4, 8 பார் (பாருக்கு 4 பீட்). மெலடியில் முப்பதுக்கு மேல் ஸ்வரம் இருக்கு. வயலின், ஹார்ன், ட்ரம்பெட், புல்லாங்குழல் நான்கும் சேர்ந்தே வாசிக்கின்றன. கீழே செல்லோ, வயோலா, டிராம்போன் மூன்றிலும் சி மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), அடியில் பறை லூப். ரீப்பர் என்ற இசை மென்பொருளில் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர் சாம்பிள் (பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்பு), 8 ஜிபி ரேம்.

கேட்டால் காவல்காரி வரவில்லை, போர்க்காட்சிதான் வருகிறது. ராகமும் ஹிந்தோளமாகக் கேட்கவில்லை. எங்கிருந்து திருத்தலாம்?

சுருதிப்பெட்டி:

முதலில் அந்த சி மைனரை எடுத்துவிடுங்க. ஹிந்தோளத்துக்கு ச க2 ம1 த1 நி2 (சி, இ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட்), ஐந்தே ஸ்வரம், பஞ்சமம் கிடையாது. சி மைனர் என்றால் சி, இ ஃபிளாட், ஜி. அந்த ஜிதான் பஞ்சமம். கார்டில் அது ஒலித்த நொடியிலேயே ராகம் கலைந்துவிடுகிறது. மெலடியில் எவ்வளவு சுத்தமாக எழுதினாலும் காப்பாற்ற முடியாது.

இந்த ஐந்து ஸ்வரத்துக்குள் முழுசாகக் கிடைக்கும் கார்டு இரண்டுதான்: த-ச-க, அதாவது ஏ ஃபிளாட் மேஜர். ம-த-ச, அதாவது எஃப் மைனர். இரண்டிலும் ச இருப்பது பெரிய வசதி. டபுள் பாஸில் ச-வை அசையாமல் நிறுத்தி, மேலே இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம். மூன்றாவதாக நி-க-ம வைத்தால் ஒரு தொங்கல் கிடைக்கும். முடிவுக்கு முந்தைய பாரில் மட்டும் அதைப் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. பாஸ் எஃப்-க்கு, அதாவது ம-வுக்கு, இறங்கி அழுத்தமான தாளத்தில் நின்றால் காது ம-வையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். கிரக பேதத்தில், அதாவது ஒரு ராகத்தின் வேறு ஸ்வரத்தை ஆதாரமாக மாற்றிப் பார்க்கும்போது, ஹிந்தோளத்தின் ம-வை ச ஆக்கினால் சுத்த தன்யாசி என்ற வேறு ராகம். எட்டுப் பாரும் ஹிந்தோளத்தில் எழுதி, கேட்பவருக்கு சுத்த தன்யாசி போய்ச் சேரும். தம்பூரா சாம்பிள் வைப்பதாக இருந்தாலும் ப-ச வேண்டாம், ம-ச சுருதி வையுங்க.

அடுத்தது மெலடி. முப்பது ஸ்வரம் பாட்டுக்குச் சரி, பாத்திரத்துக்கு அதிகம். இரண்டு பாரில் ஐந்து ஸ்வரம் போதும்:

ச (ஒன்றரை பீட்) ம (அரை) த (2) | ம (1) க (3)

முதல் பாருக்கு ம-த-ச, இரண்டாவது பாருக்கு த-ச-க. பாஸ் இரண்டிலும் ச. ச-விலிருந்து ம-வுக்குத் தாவுவதும் அந்த ஒன்றரை-அரைத் தாளக் கட்டும்தான் அவளுடைய அடையாளம். ஸ்வரம் மாறினாலும் தாளக் கட்டு மாறாத வரை அவளை அடையாளம் கண்டுகொள்வார்கள். கடைசி க-வை உச்சி வரும் வரை ச-வில் இறக்காதீங்க. நல்லவளா கெட்டவளா என்ற கேள்வி அந்த க-வில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, தனி வாத்தியத்துக்கு மட்டும். க-வும் நி-யும் அசையாமல் நின்றால் ஹிந்தோளம் வாடிப்போகும், உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயலின் ஒரே அசைவை ஒரே வேகத்தில் வாசிக்காது, சாம்பிளில் பிட்ச் பெண்ட் போட்டால் மொத்தக் கூட்டமும் சைரன் மாதிரி வளையும். தனிப் புல்லாங்குழலிலோ தனி வயலினிலோ அசையுங்க, கூட்டத்துக்கு நேர் ஸ்வரம் கொடுங்க.

நாலாம்ஹார்ன்:

கார்டு பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். குழப்பத்துக்கு இன்னொரு பாதிக் காரணம் அடுக்கில் இருக்கிறது. செல்லோ, வயோலா, டிராம்போன் மூன்றும் மிடில் சி-க்கு (பியானோவின் நடு சி) கீழே ஒரே ஆக்டேவில் (ஸ்தாயியில்) நெருக்கமான கார்டு பிடிக்கின்றன. மிடில் சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கினால் மூன்றாம் ஸ்வர இடைவெளி எதுவும் தெளிவாகக் கேட்காது, உறுமலாகத்தான் வரும். அங்கே ஆக்டேவும் ஐந்தாம் இடைவெளியும் மட்டும். உங்கள் விஷயத்தில் டபுள் பாஸ், செல்லோ இரண்டும் ஆக்டேவில் ச. கார்டின் மற்ற ஸ்வரங்கள் வயோலாவுக்கும் இரண்டாம் வயலினுக்கும். டிராம்போன் உச்சி வரை சும்மா இருக்கட்டும்.

மெலடி ஒரே ஒரு ஹார்னுக்கு. மிடில் சி-யில் தொடங்கினால் சி, எஃப், ஏ ஃபிளாட், எஃப், இ ஃபிளாட், எல்லாமே ஹார்ன் பாடும் இடம். நாளைக்கு நிஜ வாத்தியக்காரருக்கு நோட்டு எழுதுவதாக இருந்தால் எஃப் ஹார்னுக்கு ஓர் ஐந்தாம் இடைவெளி மேலே எழுதணும்: சி கேட்க ஜி. ட்ரம்பெட் வந்ததால்தான் அவள் போர்வீராங்கனை ஆனாள், எடுத்துவிடுங்க. புல்லாங்குழல் அதே ஸ்தாயியில் ஹார்னோடு சேர்ந்தால் கேட்காமலே போகும், கீழ் ஆக்டேவில் அதற்கு வலு கிடையாது. அடிவாரத்தில் அதைத் தனியாக, அடியில் மெல்லிய ச மட்டும் வைத்து விடுங்க. எல்லோரும் சேரும் இடத்தில் ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றுங்க.

மூடுபனிக்கு முதல் வயலினை இரண்டாகப் பிரித்து, உயரத்தில் ச-வும் க-வும், தந்தியைத் தாங்கும் பாலத்துக்கு அருகே வில் வைத்து ட்ரெமலோ (வில்லை வேகமாக நடுக்குவது), மிக மெல்லிய ஒலியில். உங்கள் சாம்பிளில் அந்த வகை இல்லையென்றால் சாதாரண ட்ரெமலோவில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு வரும்.

ஹார்ப் பிடிக்குமென்றால் ஹிந்தோளத்துக்கு அழகான ஒரு வழி உண்டு. ஹார்ப்பில் 7 பெடல், ஸ்வரத்துக்கு ஒன்று. சி நேச்சுரல், டி ஷார்ப், இ ஃபிளாட், எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட். டி ஷார்ப்பும் இ ஃபிளாட்டும் ஒரே ஒலி, ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் அப்படியே. ஏழு தந்திகளில் ஐந்து ஸ்வரம்தான் ஒலிக்கும், எப்படி வருடினாலும் ராகத்துக்கு வெளியே போகாது. கேட்கும்போது க-வும் த-வும் இரட்டித்துப் பனித்துளி சிந்துவது போல இருக்கும். மிடியில், அதாவது கணினியில் ஸ்வரங்களை வரையும்போதும் அந்த இரட்டிப்பை விடாதீங்க, அதுதான் நிஜ ஹார்ப்பின் குணம்.

பறையை லூப்பாக ஓட்டாதீங்க. அதன் அடி, மெலடியின் ஒவ்வொரு தொடக்கத்தையும் மறைக்கிறது. க மூன்று பீட் நீளும் இடம் காலியாக இருக்கிறதே, அங்கே பதில் சொல்வது போல நான்கைந்து அடி. அதுவும் மெலடி மூன்றாம் முறை வரும்போது.

அடிவாரம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றிங்க. கார்டை மாற்றி, ட்ரம்பெட்டை எடுத்ததும் ராகம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். காவல்காரி காலில் கொலுசு உண்டு. செவ்வாய்ப்பேட்டை பட்டறையில் செய்த வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி கிடைத்திருக்கு, அதையே பதிவு செய்து சேர்க்கலாமா? அப்புறம், ஹார்ன் சாம்பிள் உயிரில்லாமல், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே ஒலிக்கிறது.

சுருதிப்பெட்டி:

கொலுசு வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்க் காதுக்கு இருட்டில் கொலுசு என்றாலே மோகினிப் பேய். கதை மறைத்து வைத்ததை முதல் வளைவிலேயே சத்தம் போட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மிக்ஸ்மேசை:

அது அப்படியே ஒலித்தால்தான் பேய். ஒரு ஆக்டேவ் இறக்கினால் கொலுசு என்றே தெரியாது, தூரத்துக் கோயில் மணிக்கும் நீர்ச்சொட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகிவிடும். சேலத்து வெள்ளியைச் சேலத்துக் கதைக்குப் பயன்படுத்தாமல் விட எனக்கு மனசு வரவில்லை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்க. 44.1-இல் பதிந்து பாதி வேகத்துக்கு இறக்கினால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது, மினுமினுப்பு செத்துவிடும். மடித்த துணியில் கொலுசை வைத்து, மைக்கை அரை மீட்டர் தள்ளி வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கி விடுங்க. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். செல்போன் கூடாது, தானாக ஒலியளவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு மணியின் முதல் தட்டலையும் நசுக்கிவிடும். க முடியும் இடத்தில் ஒரே ஒரு தடவை ஒலிக்கட்டும்.

ஹார்ன் உயிரில்லாமல் இருப்பதற்குக் காரணம் மாட்வீல், அதாவது சிசி1, ஒரே அளவில் நிற்பது. நீண்ட ஸ்வரத்துக்கு வெலாசிட்டி, அதாவது கட்டையைத் தட்டும் வேகம், பெரும்பாலும் வேலை செய்யாது. த-வுக்கு 45-இல் தொடங்கி 75 வரை ஏற்றி, க-வில் 80-லிருந்து 40-க்கு இறக்குங்க. சிசி11 (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு கட்டுப்பாடு) சொற்றொடர் முடிவை அடக்க மட்டும். பிந்துவதற்குக் காரணம் சாம்பிளின் மெதுவான தொடக்கம். மெட்ரோனோமோடு வைத்து ஓசை எப்போது நிரம்புகிறது என்று அளந்து, அந்த ட்ராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்துங்க. 100 மில்லிசெகண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். நீண்ட ஸ்வரம், குறுகிய ஸ்வரம் இரண்டுக்கும் தனித் தனி ட்ராக் வையுங்க, இரண்டின் தாமதமும் ஒன்றல்ல. முடிந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்தால், அதாவது ஒலிக்கோப்பாக மாற்றிவைத்தால், 8 ஜிபி போதும். ரிவெர்ப் (எதிரொலி) ஒன்றே ஒன்று, எல்லா ட்ராக்கும் அதற்கே அனுப்பட்டும்.

இன்னும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேமில் சேர்க்கும்போது அங்கேதான் இடறும். அடிவாரம், நடு மலை, உச்சி என மூன்று அடுக்கையும் தனித் தனி ஃபைலாக எடுத்து, மூன்றையும் ஒரே நொடியில் தொடங்கி, ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்குங்க. புது வளைவில் புதிதாகத் தொடங்கினால் தாளம் முறியும். 72 பிபிஎம்மில் 8 பார் என்பது 26.67 நொடி, 48 கிலோஹெர்ட்ஸில் சரியாக 12,80,000 சாம்பிள். முழு எண் என்பதால் லூப் நழுவாது. 70-க்கு மாற்றினால் பின்னம் வரும். எட்டுப் பாரை இருமுறை தொடர்ந்து ஓட்டி, இரண்டாம் சுற்றை மட்டும் வெட்டி எடுங்க. முதல் சுற்றின் ரிவெர்ப் வால் அதன் தலையில் விழுந்திருக்கும், ஒட்டு தெரியாது. எம்பி3 மட்டும் வேண்டாம். தொடக்கத்தில் அது சேர்க்கும் வெற்றிடத்தால் ஒவ்வொரு சுற்றிலும் விக்கும். ஆக் வோர்பிஸ் அல்லது வேவ்.