மறு: இன்ஃப்ராரெட் எக்ஸஸ் – மிகையா, எச்சமா, உபரியா?

தாம்பரம் ஆசிரியை:
வணக்கம். சனிக்கிழமை பிள்ளைகளைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போகிறோம், கையேடு வியாழன் காலையே அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. 1983இல் ஐராஸ் விண்தொலைநோக்கி வேகா விண்மீனை அளவுத்திருத்தத்துக்காகப் பார்த்தபோது, அந்த மீன் தர வேண்டியதைவிட மிக அதிகமான அகச்சிவப்பு ஒளி வந்தது. சுற்றியிருக்கும் தூசு வேகாவின் ஒளியை வாங்கிச் சூடாகி, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. இந்த இன்ஃப்ராரெட் எக்ஸஸுக்கு ‘அகச்சிவப்பு மிகை’ என்று போட்டிருக்கிறேன். போகலாமா?

மயிலாப்பூர் தமிழாசிரியர் (ஓய்வு):
மிகை வேண்டாம் அம்மா. நன்னூலின் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலுக்கு அடுத்தது மிகைபடக் கூறல். அளவு மீறிப் போனதற்கு வைக்கும் பெயர் அது. விண்மீனின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்தபின் நிற்பது எச்சம். ‘எச்சத்தாற் காணப்படும்’ என்றார் வள்ளுவர். கண்ணுக்குத் தெரியாத தூசும் அப்படித்தான் காணப்படுகிறது. அப்புறம், அகச்சிவப்பையும் பார்க்க வேண்டும். 1800இல் இந்த ஒளியைக் கண்டறிந்த வானியலாளர் ஹெர்ஷல் வெப்பமானியை வைத்தது நிறமாலையில் சிவப்புக்கு அப்பால். அகம் எங்கிருந்து வந்தது? அதிர்வெண் சிவப்பினும் குறைவு என்பதால் இலங்கையில் செந்நிறக்கீழ் என்கிறார்கள், அதுவே பொருத்தம்.

வேளச்சேரி இயற்பியல் விரிவுரையாளர்:
அய்யா, அகச்சிவப்பு நம் பாடநூலில் ஊறிப்போன சொல், இப்போது தொட வேண்டாம். எச்சம் என்றால் பத்தாம் வகுப்புப் பையன் வினையெச்சத்தை நினைக்க மாட்டான், காக்கையைத்தான் நினைப்பான். அதைவிடப் பெரிய சிக்கல், கழித்துப் பார்த்தால் எல்லா விண்மீனுக்கும் ஏதோ ஒன்று எஞ்சும், சில நேரம் சுழியத்துக்குக் கீழேயும் போகும். அளவீட்டுப் பிழையைத் தாண்டி மிகுந்து நின்றால்தான் தூசு இருக்கிறது என்று சொல்ல முடியும். என் ஓட்டு உபரிக்கு. செம்பரம்பாக்கத்தில் உபரிநீர் திறப்பு என்றால் சென்னையில் யாருக்கு விளங்காது?

மயிலாப்பூர்:
உபரி வடசொல், தம்பி. மிகுநீர் என்று எழுதலாமே.

அடையாறு ஆய்வு மாணவி:
மிகுநீர் சரியென்றால் மிகையும் சரிதானே அய்யா? இரண்டுக்கும் அடி ‘மிகு’. குற்றம் அளவு மீறிப் பேசுவதில்தான், சொல்லில் இல்லை. ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள், ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியையும் சேருங்கள். அதன் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியை 7 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்து வைக்கிறார்கள், இல்லாவிட்டால் கருவியின் சொந்தச் சூடே அகச்சிவப்பாய் வந்து கலந்துவிடும். ஃபோமல்ஹாட் என்ற விண்மீனிலும் ஐராஸ் கண்டது வெறும் மிகைதான். 2023இல் வெளிவந்த மிரி படத்தில் அதே தூசு மூன்று வளையமாகப் பிரிந்து தெரிந்தது. பிள்ளைகள் அந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி:
சரி, உபரியை விட்டுவிடுகிறேன். மிகையே இருக்கட்டும்.

தாம்பரம்:
எல்லோருக்கும் நன்றி. ‘அகச்சிவப்பு மிகை: கணக்குப்படி வர வேண்டியதைவிடக் கூடுதலாக வரும் அகச்சிவப்பு ஒளி’ என்று விளக்கத்தோடு அனுப்புகிறேன். ஃபோமல்ஹாட் படமும் உண்டு.

மயிலாப்பூர்:
அச்சுக்குப் போகட்டும். எனக்கு உடன்பாடில்லை என்பது இங்கே பதிவாக இருக்கட்டும். புறஊதா ஏன் மேலூதா ஆகக் கூடாது என்று தனி இழையில் எழுதுகிறேன்.