பழைய பேரிங்கையே திரும்பப் போடலாமா? அவசர உதவி தேவை

மலைப்பாதை
வணக்கம். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறிவிட்டது, அதற்காக இன்ஜினை இறக்கினோம். இறக்கியதோடு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ரொம்ப மோசம் என்றும் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் அண்ணன், "இது பழைய நல்ல சரக்கு, இன்னும் ஓடும், அதையே போடு" என்கிறார். நான் புது செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் அந்த பிராண்டை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. எதைப் போடுவது? நாளை காலை இன்ஜின் ஏற்ற வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை லேத்
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கா, பிஸ்டன் தண்டை கிராங்கோடு சேர்க்கும் கான்ராட் பேரிங்கா? சூட்டில் ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டியது? கிராங்கை, அதாவது இன்ஜினுக்குள் சுழலும் அந்தத் தண்டை, அளந்தீர்களா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது தம்பி.

சேலம் டாக்ஸி
எந்த வண்டியாக இருந்தாலும் பழையதையே போட்டு 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஸ்டாண்டில் பாதி வண்டி அப்படித்தான் ஓடியது.

மலைப்பாதை
மன்னிக்கவும், அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் 1489 சிசி. மெயின், கான்ராட் இரண்டையும்தான் கேட்கிறேன். ஆயில் மீட்டர் வேலை செய்யவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. அளக்கவில்லை, ஆனால் கிராங்க் பார்க்க பளபளவென்று நன்றாக இருக்கிறது.

வெர்னியர்
பளபளப்பை வைத்து கிராங்கை எடை போடக் கூடாது என்று இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இந்த இன்ஜினில் மெயின் ஜர்னல், அதாவது மெயின் பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருண்டைப் பகுதி, சுமார் 2 அங்குலம். அங்குலத்துக்கு 0.001 அங்குல இடைவெளி என்பது பட்டறைக் கணக்கு. அதாவது ஷெல்லுக்கும் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) ஜர்னலுக்கும் நடுவில் 0.002 அங்குலம் இருந்தால் சரி. அது இரண்டு மடங்கானாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டர் இல்லாமல் இன்ஜின் பிரிப்பவர்கள் பிரிக்காமலே இருப்பது நல்லது.

கோவை லேத்
வெர்னியர் சார், விஷயம் சரி, கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். தம்பி, மெயினில் கீழ் ஷெல்லையும் கான்ராடில் மேல் ஷெல்லையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பளு விழுவது அந்தப் பாதிகளில்தான். முழுக்க சாம்பல் நிறமாக, மங்கலாக இருந்தால் மேல் பூச்சு இன்னும் இருக்கிறது. நடுவில் செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பூச்சு போய்விட்டது. அந்தப் பூச்சே கிட்டத்தட்ட 0.02 மி.மீ. கனம்தான். அது போனபின் பழைய ஆயிலில் சேரும் அமிலம் அடியில் உள்ள உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஜர்னல் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பேரிங் பேச்சையே விடுங்கள், ஜர்னலைச் சாணை பிடித்துச் சன்னமாக்க கிராங்க் கிரைண்டிங்குக்குப் போக வேண்டும்.

நாகர்கோவில் அண்ணாச்சி
தம்பி, இவ்வளவு செலவு வேண்டாம். அந்தக் காலத்தில் பேரிங்கை மூடி இறுக்கும் கேப்பை எடுத்து, இரண்டு முகத்தையும் அரம் வைத்து லேசாக ராவி முறுக்கிவிடுவோம். லூஸ் போய்விடும். சிலர் ஷெல்லுக்குப் பின்னால் சிகரெட் பேப்பர் வைப்பார்கள். லோடு வண்டிகளே அப்படி ஓடியிருக்கின்றன.

வெர்னியர்
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். கேப்பை ராவினால் துளை மேலும் கீழும் மட்டும்தான் குறுகும், பக்கவாட்டில் அப்படியே இருக்கும். வட்டமே போய்விடும். ஷெல்லின் இரு முனையும் கேப்பை விட இம்மி அளவு உயர்ந்து நிற்கும்படிதான் செய்திருப்பார்கள். போல்ட்டை இறுக்கும்போது அந்த உயரம்தான் ஷெல்லைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்கிறது. சூடும் அந்தப் பிடிப்பு வழியாகத்தான் பிளாக்குக்கு இறங்குகிறது. நடுவில் பேப்பர் வைத்தால் சூடு எப்படி இறங்கும்? ராவிய கேப்பைத் திரும்பச் சரிசெய்ய, பேரிங் துளைகளை ஒரே நேராகக் கடையும் லைன் போரிங் போக வேண்டும், அந்தச் செலவை யார் தருவார்?

நாகர்கோவில் அண்ணாச்சி
ஓடியதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். அன்றைக்கு உதிரி பாகம் கிடைக்காது, வண்டி நின்றால் அடுப்பு எரியாது. படித்துவிட்டு வந்து செய்யவில்லை, வழி இல்லாமல் செய்தோம்.

சேலம் டாக்ஸி
அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் சொன்ன ஆயில் விஷயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

கோவை லேத்
20டபிள்யூ-50 இந்த இன்ஜினுக்கு ஏற்ற ஆயில்தான், அதை ஊற்றட்டும். மீட்டரில் பிரஷர் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், தேய்ந்த உலோகம் தேய்ந்ததுதான். அண்ணாச்சி, உங்கள் காலத்து நெருக்கடி எனக்கும் தெரியும், அப்பா பட்டறையில் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பிக்கு இன்று கடையில் ஷெல் கிடைக்கிறது, அதுதான் வித்தியாசம்.

புதுப்பேட்டை ஸ்பேர்ஸ்
யாரும் கேட்காத ஒன்று. பழைய ஷெல்லின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? புது செட்டில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டையும் துடைத்துவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். பிராண்டு கதையெல்லாம் பிறகு.

மலைப்பாதை
பழையதில் 020. புதியதில் எஸ்டிடி. என்ன அர்த்தம்?

புதுப்பேட்டை ஸ்பேர்ஸ்
அந்தப் புது செட்டைத் தொடாதீர்கள்! உங்கள் கிராங்க் முன்பே 0.020 அங்குலம் கிரைண்டிங் ஆனது. எஸ்டிடி என்றால் ஸ்டாண்டர்ட், கிரைண்டிங்கே ஆகாத கிராங்குக்கு. அதைப் போட்டால் அரை மில்லிமீட்டர் லூஸ். ஸ்டார்ட் செய்த உடனே பிரஷர் நிற்காது, தட்ட ஆரம்பித்துவிடும். பெட்டி கிழியாமல் இருந்தால் நாளைக்கே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வண்டிப் பெயரை மட்டும் கேட்டுக் கொடுத்திருப்பார்.

கோவை லேத்
நல்லவேளை. நாளை இன்ஜின் ஏற்றும் வேலையை ஒத்திப்போடுங்கள் தம்பி, கிராங்கை நேராக லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு இடத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். ஓவலும் (வட்டம் கெட்டது) டேப்பரும் (ஒரு முனை சிறுத்தது) அப்போதுதான் தெரியும். அளவு சரியாக இருந்தால் புது 020 செட் போதும். இல்லையென்றால் 030 கிரைண்டிங்.

இன்னொன்று, நீங்கள் இன்ஜின் இறக்கியதே கிளட்ச் ஆயிலுக்காக. இந்தப் பழைய 1489 இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலைத் திரும்ப சம்ப்புக்குள் தள்ளுகிறது. பின் மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் கீழே இறங்கினால் அந்த மரையின் இடைவெளி கெட்டு, ஆயில் கிளட்ச் பக்கம் வரும். பழைய ஷெல்லையே போட்டால் புது கிளட்ச் பிளேட்டும் நனையும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: திரும்பப் போடாதீர்கள். இறக்கி ஏற்றும் கூலிக்கு முன்னால் ஷெல் விலை ஒன்றுமே இல்லை.

சேலம் டாக்ஸி
இன்ஜின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் அடைத்திருந்தாலும் பின்பக்கம் ஆயில் வரும். அதையும் பெட்ரோல் விட்டுக் கழுவுங்கள்.

வெர்னியர்
இது சரியான யோசனை. கிரைண்டிங் முடிந்ததும் கிராங்கின் ஆயில் துளைகளைக் கம்பியும் துணியும் விட்டுச் சுத்தம் செய்து காற்றடிக்க வேண்டும். உள்ளே தங்கும் தூள் புது ஷெல்லை முதல் நாளே கீறிவிடும். ஏற்றும் முன் பிளாஸ்டிகேஜ் வைத்து இடைவெளியைப் பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் நூல்தான். ஜர்னல் மேல் வைத்து கேப்பை முறையான டார்க்கில் (இறுக்கும் விசை) இறுக்கித் திறந்தால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். அப்போது கிராங்கைச் சுற்றக் கூடாது.

மலைப்பாதை
எல்லோருக்கும் நன்றி. லேத்தில் அளந்தார்கள். பின் மெயின் ஓவல். 030 கிரைண்டிங் கொடுத்தாயிற்று, கடையில் செட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புது மீட்டர் வாங்கியிருக்கிறேன். இன்ஜின் ஞாயிற்றுக்கிழமை ஏறும்.

கோவை லேத்
நல்லது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்புக்குள் கொஞ்சம் ஆயில் விடுங்கள். பிளக் நான்கையும் கழற்றி, மீட்டர் முள் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.