ஒரே செடிக்கு மூன்று பேர் தண்ணீர் ஊற்றினோம்: வீட்டுத்தோட்ட அனுபவப் பகிர்வு

குடும்பமாகச் சேர்ந்து வீட்டுத்தோட்டம் போடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எங்கள் தக்காளி நாற்றுகளில் பாதிக்கு மேல் அழுகிப்போயின. 25 நாள் வளர்ந்த நாற்றுகளை, தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் போகும்படி சற்று ஆழமாகவே நட்டிருந்தோம். மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்தும் தக்காளி வேர்விடும் என்பதால் அதில் தவறில்லை. வெயிலும் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைத்தது. இருந்தும் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினோம்.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பேறியிருந்தது. விரலால் லேசாக இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வந்தது. இரவு அதைப் பற்றிப் பேசும்போதுதான், காலையில் நானும், பள்ளி விட்டு வந்ததும் மகளும், மாலையில் கணவரும், மற்றவர் ஊற்றியது தெரியாமல் தினமும் தண்ணீர் விட்டிருக்கிறோம் என்பது வெளிப்பட்டது. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக நீரே நிறைந்துவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நிற்கும் செடியும் வாடித்தான் காணப்படும்.

அன்று முதல் தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்தோம். அவள் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்ப்பாள். மண் ஒட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. பிள்ளைகளிடம் வாளி தூக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறார்கள், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் செடியை விட்டு நகர்வதில்லை என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். இரவு முழுவதும் ஊறவைத்து அவள் கையால் ஊன்றிய வெண்டை விதை ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்து தலைநீட்டியபோது, என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினாள். புதிதாகத் தொடங்குவோருக்கு வெண்டையும், ஒரு மாதத்துக்குள் பறிக்கக்கூடிய கீரையும் ஏற்றவை. பழத்துக்கு ஒட்டு எலுமிச்சையை இப்போதே நட்டுவிடுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் காய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அடுத்த பகிர்வு

சகோதரி, நீங்கள் சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். எங்கள் மஞ்சள் பூசணிக் கொடியில் பூக்கள் ஏராளமாக இருந்தும் ஒரு காய்கூட நிற்கவில்லை. உரம் குறைவு என்று அப்பாவும், பூச்சி என்று நானும் பேசிக்கொண்டிருந்தபோது, சில பூக்களின் அடியில் மட்டும் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருப்பதை என் மகன் காட்டினான். அவை பெண்பூக்கள்; மெல்லிய காம்பில் நிற்பவை ஆண்பூக்கள். எங்கள் தோட்டத்தில் தேனீ நடமாட்டம் குறைவு. மகரந்தம் சேராத பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தன.

மறுநாள் விடியற்காலையில் மகன் அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் பொடி படும்படி பெண்பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவினான். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும் என்பதால் அலாரம் வைத்து எழுந்தான். அப்படித் தொட்ட நான்கு பூக்களில் இரண்டு பிடித்தன. ஒரு வாரத்தில் பிஞ்சு அவன் கைப்பிடிக்குள் அடங்காத அளவுக்குப் பருத்துவிட்டது. தரையில் பட்டு அழுகாமலிருக்க, அப்பா அதன் அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருக்கிறார்.