கிரகணத்தன்று சாங்கிக் கடற்கரையில்

2011இல் நான் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் உயிரியலோடு கூடுதலாகக் கடல் உயிரியல் என்று ஒரு வகுப்பு நடந்தது. வாரம் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு. முதல் சில வாரங்கள் பாடம் மனத்தில் ஒட்டவே இல்லை. கடற்பாசிக்கும் கடற்புல்லுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பலகையில் இருந்ததை ஒப்பிப்பேன். அவ்வளவுதான்.

ஜூன் விடுமுறையில் சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். ஜூன் 16, அதிகாலை 4 மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் முழுச் சந்திர கிரகணம். ஊரிலிருந்து அம்மாச்சி வந்திருந்தார். பாம்பன் பக்கத்துக்காரர். "கெரணம் புடிக்கிற நேரத்துல பொம்பளப் புள்ள கடலுக்குப் போறதா?" என்று ஒரே பிடியாக நின்றார். அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாச்சியே கேட்டார்: "எப்பத் தண்ணி வத்துதாம்?" விடியுறதுக்கு முன்னாடி என்றேன். விரலில் எண்ணினார். "பௌர்ணமிக்கு மறுநா. சரியாத்தான் பாத்திருக்காக. போயிட்டு வா தாயி."

சிறு வயதில் அவர் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போனவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள்தான் போவார்களாம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும் என்று ஆசிரியர் படம் போட்டு விளக்கியிருந்தார். அம்மாச்சிக்கு அது கூலி நாள் கணக்கு.

நாங்கள் போய் இறங்கியபோது நிலா செம்பு நிறத்தில் மங்கிக் கிடந்தது. எதிரே உபின் தீவு ஒரு கறுப்புக் கோடு. கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொன்னார்கள். மணலுக்குள் திருக்கை புதைந்திருந்தால் விலகிப் போய்விடும். டார்ச்சைத் தாழப் பிடித்தால் தேங்கிய நீரில் செந்நிறப் பொட்டுகள் மின்னின. அத்தனையும் இறால்களின் கண்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடற்சாமந்தி, பூப்போல இருக்கும் கடல் விலங்கு, விரிந்திருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தபோதுதான் அதன் விரல்களுக்கு நடுவே கண்ணாடி போன்ற குட்டி இறால் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நின்றுகொண்டே பார்த்த என் தோழிகள் மூன்று பேருக்கும் அது தெரியவில்லை.

அரை மீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். எங்கள் சட்டத்துக்குள் இருந்தது சின்னச் சின்னக் கரண்டி போல இலை கொண்ட புல். முதலில் 70 என்று எழுதினேன். நன்றாக விடிந்ததும் பார்த்தால் பாதிகூட இல்லை. அடித்து 40 என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினேன். அம்மாச்சி கைப்பேசியை முகத்தோடு ஒட்டிப் பிடித்தார். "இது பாசி இல்ல, புல்லு. ஆவுளியா மேயுமே, அது." ஆவுளியா என்றால் கடற்பசு. பாசியும் புல்லும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன என்றேன். "பாசிக்கு ஏதுடி வேரு? பாறையைக் கவ்விக்கிட்டு நிக்கும், புடிச்சு இழுத்தா வந்துரும். இது மண்ணுக்குள்ள வேர் விட்டு ஓடும், அருகம்புல்லு மாதிரி." பலகையில் இருந்த பாடமும் இதேதான்: கடற்புல் வேரும் பூவும் உள்ள செடி, கடற்பாசிக்குப் பிடிப்பான் மட்டும்தான். அதற்கப்புறம் எனக்கு அது மறக்கவே இல்லை. சிங்கப்பூரில் 12 வகைக் கடற்புற்கள் இருக்கின்றன, எதிரே உபின் தீவின் செக் ஜாவாவில் ஆவுளியா மேய்ந்த தடங்களைக் கண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இங்கனயுமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க வட்டத் தட்டில் ஊற்றும் அகர் இருக்கிறதே, அவர் எடுத்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது வருகிறது. நாம் பண்டிகைக்கு வாங்கும் அகார் அகாரும் அந்தச் சரக்குதான். பாசியை நிறுத்து விற்றதோடு சரி, அது எங்கே போய் என்னவாகும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஜூலை அமாவாசை முடிந்த சனிக்கிழமை விடிகாலையில் அப்பாவும் நானும் அவரை டாக்சியில் சாங்கிக்கு அழைத்துப்போனோம். சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். யாரும் சொல்லித்தராமலே காலைத் தேய்த்துத்தான் நடந்தார். ஓரிடத்தில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத நண்டு ஒன்று, வயிறு நிறைய முட்டையோடு. மூன்று பேரும் பார்த்தோம். அப்பா படம் எடுக்கப் போனார். அம்மாச்சி அவர் கையைத் தள்ளிவிட்டு, கல்லை எடுத்த வாக்கிலேயே மெல்லத் திருப்பி வைத்தார். "அது வீட்டுக் கூரை" என்றார்.