கிங்ஸ்லி தோட்டத்துச் சிப்பிச் சுவர்கள்

ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் பக்கம் இருப்பவர்கள் ஒரு முறையாவது ஃபோர்ட் ஜார்ஜ் தீவுக்குப் போய் வாருங்கள். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த கிங்ஸ்லி தோட்டம் அங்கேதான் இருக்கிறது. 1798-ல் கட்டிய முதலாளி வீடு ஆற்றைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. வருகிறவர்கள் பலரும் நேரே அங்கே போய்விடுகிறார்கள். வழியிலேயே வரும் அடிமைக் குடியிருப்பைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அரைவட்டமாக 32 குடில்கள் இருந்தன. 25 குடில்களின் சுவர்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன.

கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கச் சிப்பி. நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரியேதான்: சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணல், தண்ணீரோடு உடையாத சிப்பிகளையும் கலந்து, பலகை அடைத்து அடுக்கடுக்காக ஊற்றியிருக்கிறார்கள். இதற்கு டேபி என்று பெயர். ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கிய கோடுகூடத் தெரிகிறது. விளிம்பில் கை வைத்தால் கீறிவிடும். அந்தத் தீவில் முன்பு வாழ்ந்த திமுக்குவா மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள்தான் இதற்கெல்லாம் மூலப்பொருள். பகலெல்லாம் பருத்திக் காட்டில் உழைத்தவர்களே இதையும் கட்டினார்கள். குடிலுக்குள் அடுப்போடு ஓர் அறை, படுக்க ஓர் அறை, அவ்வளவுதான்.

தொல்லியலாளர் சார்லஸ் ஃபேர்பேங்க்ஸ் 1968-ல் இங்கே தோண்டினார். அமெரிக்காவில் அடிமைக் குடில்களுக்காகவே நடந்த முதல் அகழாய்வுகளில் அது ஒன்று. அதுவரை தோட்ட வரலாறு என்றாலே முதலாளி எழுதி வைத்த கணக்குதானே! 2006 முதல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டேவிட்சன் குழு தோண்டியபோது, ஒரு குடிலின் தரைக்கடியில் முழுக் கோழி ஒன்றைப் புதைத்திருந்தது தெரியவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சடங்கின் தடயமாக அதைப் பார்க்கிறார்கள். எந்த முதலாளியின் ஏட்டிலும் ஏறாத விஷயம் இது. அப்புறம் 2010-ல் அந்த அடிமைகளுடைய இடுகாட்டையும் கண்டுபிடித்தார்கள்.

இங்கே வாழ்ந்த அன்னாவின் கதையையும் அவசியம் கேளுங்கள். செனகலில் பிறந்தவர். 1806-ல், 13 வயதில், கியூபாவின் ஹவானாவில், பின்னாளில் இந்தத் தோட்டத்து முதலாளியான செபனையா கிங்ஸ்லி அவரை விலைக்கு வாங்கி மனைவியாக்கிக்கொண்டார். 1811-ல் விடுதலை கொடுத்தார். பிறகு அன்னாவே அடிமைகளை வைத்திருந்தார். இதைக் கேட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டும் இன்னும் தீரவில்லை.

அனுமதி இலவசம். கொசு கடிக்கும், முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு போனால் முதலில் குடில்களைக் காட்டுங்கள். பெரிய வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.