கேட்டது சர்லாயின், கிடைத்தது அண்டர்கட்

குன்னூர்_மழை:
குன்னூரில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். போன வாரம் லண்டனில் இருந்து வந்த தம்பதி ராத்திரிக்கு மாட்டுக்கறியில் சர்லாயின் ஸ்டேக் கேட்டார்கள். கறிக்கடை பாயிடம் சொன்னால், "அதெல்லாம் தெரியாதும்மா, ஸ்டேக்குன்னா அண்டர்கட்தான்" என்று அரைக் கிலோ வெட்டிக் கொடுத்தார். நன்றாகவே சாப்பிட்டார்கள், ஆனால் அந்த அம்மா சிரித்துக்கொண்டே "இது ஃபில்லட் ஆச்சே" என்றார். யார் சொல்வது சரி? அப்புறம் ஏதோ ஒரு ராஜா ருசியில் மயங்கி, வாளை உருவிக் கறிக்கே 'சர்' பட்டம் கொடுத்தாராமே, நிஜமா?

வெட்டுக்கத்தி:
இரண்டு பேருமே சரி. அண்டர்கட், ஃபில்லட், டெண்டர்லாயின் எல்லாம் ஒரே கறி. முதுகெலும்புக்கு அடியில், ஒரு முனை கனத்து மறுமுனை வாலாகச் சூம்பி நீளமாக ஒட்டியிருக்கும், மாட்டுக்கு இரண்டுதான். அந்தச் சதைக்கு அதிக வேலை இல்லை, அதனால்தான் அவ்வளவு மிருது. சர்லாயின் அதே எலும்புக்கு மேல்பக்கம். டி-போன் ஸ்டேக்கில் நடு எலும்புக்கு ஒரு பக்கம் சர்லாயின், இன்னொரு பக்கம் அண்டர்கட்.

ராஜா கதை வெறும் கதை. எட்டாம் ஹென்றி என்பார்கள், முதலாம் ஜேம்ஸ் 1617இல் செய்தார் என்பார்கள், இரண்டாம் சார்லஸையும் விட்டுவைக்கவில்லை. பழைய பிரெஞ்சுச் சொல் அது, 'சுர்' என்றால் மேல், அவ்வளவுதான். அமெரிக்க விருந்தாளி வந்தால் இன்னும் குழப்பம், அவர்கள் சர்லாயின் என்பது லண்டனில் ரம்ப், அதாவது பின்பக்கத்துக் கறி.

குன்னூர்_மழை:
அப்போ அடுத்த தடவை மேல்பக்கத்தைக் கேட்டு வாங்கட்டுமா?

தேயிலைத்_தூள்:
வேண்டாங்க, மெல்ல முடியாது. 1958ஆம் வருஷச் சட்டப்படி இங்கே பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் ஆகாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் வெட்டலாம். அந்த வயசில் ஸ்டேக்குக்குத் தேறுவது அண்டர்கட் மட்டும்தான். மற்றதெல்லாம் குக்கருக்கு, அதுவும் ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் வெறும் சட்டியில் வைத்தால் லேசில் வேகாது.

எங்கள் தாத்தா எஸ்டேட் பங்களாவில் குக்காக இருந்தவர். அண்டர்கட் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வை, கத்தி முனையை அடியில் விட்டு நாடா மாதிரி உரித்துவிட்டு, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, மிளகை ஒன்றிரண்டாக இடித்து அழுத்துவார், மசாலா கிடையாது. வால் முனையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வறுவல்!

குன்னூர்_மழை:
சவ்வை எடுக்கணுமா? அதான் கல்லில் போட்டதும் ஓரமெல்லாம் சுருண்டு கிண்ணம் மாதிரி எழும்பியது.