கொட்டகையில் நின்ற நடவு இயந்திரம் செல்ஃப் எடுக்கவில்லை: பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி உழவர்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் அமர்ந்து ஓட்டும் நடவு இயந்திரம் ஒன்று உள்ளது. தாளடி நடவு முடிந்ததும் சேறு போகக் கழுவி, தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் நிறுத்தியதைக் குறுவைக்காக இப்போதுதான் வெளியே எடுத்தோம். சாவியைத் திருப்பினால் விளக்கு மங்கலாக எரிகிறது. செல்ஃப் போட்டால் "டக் டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறதே தவிர, இன்ஜின் சுற்றவில்லை. பேட்டரி 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி, மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை.

பாய் நாற்றங்காலில் நாற்று பதத்துக்கு வந்துவிட்டது. 18 நாளைத் தாண்டினால் வேர் பின்னி, தாள் உயர்ந்து, இயந்திரத்தின் விரல்கள் சரியாகப் பிய்த்து நடாது என்பதால் காத்திருக்க இயலாது. கடையில் பார்க்காமலேயே புதுப் பேட்டரி போடச் சொல்கிறார்கள். எங்கள் இயந்திரத்தில் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறும் கிடையாது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? டிராக்டர் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுக்கலாமா? வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு சார்ஜ் ஏற்றலாமா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வலங்கைமான் பட்டறை

ஐயா, தள்ளும் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். அமர்ந்து ஓட்டும் நடவு இயந்திரங்களில் பெரும்பாலானவை ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றுபவை. இன்ஜின் ஓடாதபோது சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் அந்தச் சுழற்சி இன்ஜினுக்குப் போய்ச் சேராது.

"டக் டக்" என்பது செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டி ஒட்டி விடும் சத்தம். விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை என்று பொருள். இதற்குப் பேட்டரி இறங்கியிருப்பதும் காரணமாகலாம், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையும் காரணமாகலாம். ஆகவே புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இயந்திரத்தை அணைத்து வைத்த நிலையில் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8க்குக் கீழே என்றால் காலியாகிவிட்டது. 10.5 அளவில் நின்று, சார்ஜ் ஏற்றியும் அங்கேயே நிற்குமானால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட பேட்டரியோடு போராடுவதில் பயனில்லை.

வோல்ட் நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் டெர்மினலைக் கழற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, மூடித் துளைகளுக்குள் போகாமல் ஊற்றித் தேய்த்தால் பூத்தது கரைந்துவிடும். பிறகு உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எர்த் ஒயர் இன்ஜினைத் தொடும் போல்ட்டையும் இவ்வாறே சுத்தம் செய்யுங்கள். சேற்றில் ஓடும் வண்டியில் முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான், பலரும் பார்க்காமல் விடுவதும் அதைத்தான்.

டிராக்டரிலிருந்து இணைப்புக் கொடுக்கலாம், அதுவும் 12 வோல்ட்தான் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு. லாரிகளில் பலவும் 24 வோல்ட் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம். சிவப்பு ஒயரை முதலில் உங்கள் இயந்திரத்தின் பாசிட்டிவிலும், மறுமுனையை டிராக்டரின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை டிராக்டரின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை உங்கள் பேட்டரியில் அல்லாமல், அதிலிருந்து தள்ளி உங்கள் நடவு இயந்திர இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கொடுக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் அருகில் இருந்தால் அது பற்றிக்கொள்ளும். டிராக்டரைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிறகு செல்ஃப் போடுங்கள். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மோட்டார் சுருள் கருகிவிடும்.

பதில்: பாபநாசம் மின்பணி

இன்வெர்ட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது 100, 150 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பத்து ஆம்பியருக்கு மேலும் தள்ளும். உங்கள் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர் அளவே ஏற்றது. அதற்கு மேல் போனால் தண்ணீர் கொதித்துத் தகடு வளைந்துவிடும். அளவு வைக்கத்தக்க சார்ஜரில் ஓர் இரவு முழுவதும் காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு ஏற்றத் தொடங்குங்கள். குறியீடு வரை நிரப்புவதைச் சார்ஜ் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது.

பதில்: திருத்துறைப்பூண்டி, தற்போது வட கனடா

இங்கே இதே சிக்கல் பருவம் மாறி வருகிறது. பனியில் ஓடும் ஸ்னோமொபைலைக் கோடை முழுவதும் கொட்டகையில் நிறுத்திவிட்டு, முதல் பனி விழுந்ததும் பட்டனை அழுத்தினால் இதே "டக் டக்" சத்தம்தான் கேட்கும். அதையும் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் வேகமெடுத்தால்தான் பெல்ட்டைக் கவ்வும் கிளட்ச் அதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் இழுகயிறு உண்டு என்பதால் காட்டின் நடுவே நின்றாலும் வீடு திரும்பலாம். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகி, தரும் ஆற்றல் குறைகிறது; சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் நீர்த்துப்போவதால் கடுங்குளிரில் உறைந்து, பெட்டி வெடித்தும் விடுகிறது.

நம் ஊரில் உறையும் பயமில்லை, ஆனால் வெயில் வேறுவிதமாக வேலை செய்கிறது. சும்மா இருக்கும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும் வேகம், வெப்பம் பத்து பாகை கூடும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். இறங்கிய நிலையிலேயே பல வாரம் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதை முழுவதும் கரைக்காது. இங்குள்ளவர்கள் பருவம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் நிறைந்ததும் தானே அடங்கும் சிறு சார்ஜரில் மாட்டி வைக்கிறார்கள்.

மன்னார்குடி உழவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீட்டரில் 11.7 காட்டியது. எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏட்டுக்கு ஏடாகப் பெயர்ந்து வந்தது. சுத்தம் செய்து, டிராக்டரிலிருந்து இணைப்புக் கொடுத்ததும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இரவு சார்ஜ் போட்டு, இறக்கி வைத்து ஆறவிட்டுப் பார்த்தபோது 12.5 நிற்கிறது. இதை நம்பி வயலில் இறக்கலாமா?

வலங்கைமான் பட்டறை

இன்னும் இரண்டு சோதனை செய்துவிட்டு இறக்குங்கள் ஐயா. செல்ஃப் சுற்றும் நேரத்தில் மீட்டரைப் பாருங்கள், 9.6க்குக் கீழே இறங்காவிட்டால் பேட்டரி தாங்கும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, கோளாறு டைனமோவிலோ ரெகுலேட்டரிலோ எலி கடித்த ஒயரிலோ இருக்கிறது. அந்த நிலையில் புதுப் பேட்டரி போட்டாலும் நடுவயலில் நிற்கும். பட்டறை பக்கம் வந்தால் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டியும், அதாவது அமிலத்தின் அடர்த்தியும், பார்த்துவிடலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி குறைந்திருந்தால் இந்தக் குறுவையோடு பேட்டரியை மாற்றிவிடுங்கள். எல்லாம் 1250ஐ ஒட்டி இருந்தால் தாளடிக்கும் இதுவே போதும்.

நடவு முடிந்ததும் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். நடவு நாட்களில் அந்த ஜம்பர் ஒயரை டிராக்டர் பெட்டியிலேயே வைத்திருங்கள்.